வைஃபை அட்டை முதல் இலைக் கணக்கு வரை: பாஸ்வேர்டு விதிகள் பூட்டை எவ்வளவு இறுக்குகின்றன என்று எண்ணிப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் காட்டேஜ் வரவேற்பறைகளில் ஒட்டியிருக்கும் வைஃபை அட்டைகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஊரின் பெயர் ஆங்கிலத்தில், முதல் எழுத்து பெரியது, நடுவில் ஒரு @, கடைசியில் பின்கோடு. ஊட்டி என்றால் 643001, குன்னூர் என்றால் 643101. ரவுட்டர் கேட்ட எல்லா விதியும் இதில் நிறைவேறிவிடுகிறது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், சிறப்புக் குறி எல்லாம் உண்டு. ஊட்டிக்கு நாலு எழுத்து என்று வைத்தால் மொத்தம் 11 எழுத்து நீளம். ரவுட்டரும் பச்சைக் கோடு காட்டி ‘ஸ்ட்ராங்’ என்று சொல்லிவிடும்.

கம்ப்யூட்டர், நெட்வொர்க் வேலையாக இந்த மலையில் சுற்றுகிற என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான்: “தம்பி, @ எல்லாம் போட்டிருக்கேனே, அப்புறம் எப்படி உடைப்பாங்க?” இதற்கான பதிலை மொபைல் கால்குலேட்டரில் நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். திருடன் அதிகபட்சம் எத்தனை பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்க்க வேண்டும், நொடிக்கு எத்தனை போட முடியும், இரண்டையும் வகுத்தால் எவ்வளவு நேரம். இவ்வளவுதான் கணக்கு. ஆனால் முதல் எண்ணை எல்லாரும் தப்பாக எடுக்கிறார்கள். விதிகளைப் போடுகிறவர்களும் தப்பாகவே எடுக்கிறார்கள். இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அந்த எண்ணைச் சரியாக எடுப்பது பற்றித்தான்.

தொடங்கும் முன் ஒன்று. இது உங்கள் சொந்த ரவுட்டருக்கும் சொந்தக் கோப்புக்கும் போடும் கணக்கு. பக்கத்துக் காட்டேஜ் வைஃபையில் அனுமதி இல்லாமல் கை வைத்தால் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், பிரிவு 66-இன்படி 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

படி 1: எதிரில் எண்ணிக்கொண்டிருக்க ஆள் இருக்கிறதா என்று பாருங்கள்

ஏடிஎம் பின் நாலே இலக்கம், மொத்தம் 10,000 வாய்ப்பு. கம்ப்யூட்டருக்கு அது கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. ஆனாலும் அது போதுமானதாக இருக்கிறது. சில தடவை தப்பாகப் போட்டால் வங்கி கார்டை முடக்கிவிடும் என்பதே காரணம். அங்கே ஒவ்வொரு முயற்சியையும் எண்ண ஒருவர் இருக்கிறார்.

குறியாக்கம், அதாவது என்கிரிப்ஷன் செய்த கோப்பில் அப்படி யாரும் இல்லை. பாஸ்வேர்டு போட்ட எக்செல், ஜிப், பிடிஎஃப், வெராகிரிப்ட் மென்பொருளால் பூட்டிய டிஸ்க் எதுவானாலும் ஒரு நகல் வெளியே போய்விட்டால், திருடன் தன் வீட்டில் உட்கார்ந்து இஷ்டத்துக்கு முயலலாம். நம் ஊர்க் காட்டேஜ்களில் விருந்தினர்களின் ஆதார் நகல்களை ஒரே ஜிப்பாகக் கட்டி வைத்திருப்பார்கள். தேயிலைத் தொழிற்சாலைகளில் பச்சை இலை கொடுக்கும் சிறு விவசாயிகளின் வங்கிக் கணக்கு எண்கள் எக்செல்லில் கிடக்கும். இரண்டும் இந்த வகைதான்.

டபிள்யூபிஏ2 என்ற பாதுகாப்பு முறையில் ஓடும் வைஃபையும் இதே வகையில் சேரும் என்பது பலருக்குத் தெரியாது. ஒரு போன் ரவுட்டரோடு இணையும் நேரத்தில் இரண்டுக்கும் நடுவே நடக்கும் ‘ஹேண்ட்ஷேக்’கைச் சாலையோரம் நின்று பதிவு செய்துகொண்டால் போதும். மீதி வேலையை மேட்டுப்பாளையம் இறங்கி, வீட்டுக்குப் போய்ச் சாவகாசமாகச் செய்யலாம். ரவுட்டருக்கு எதுவும் தெரியாது.

“ஏஇஎஸ் என்கிரிப்ஷன் உடைக்கவே முடியாது என்கிறார்களே?” உண்மைதான். 128 பிட் சாவி என்றால் 39 இலக்க எண் அளவுக்குச் சாவிகள். அதை யாரும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதில்லை. அந்தச் சாவி உங்கள் பாஸ்வேர்டிலிருந்து உருவாகிறது என்பதால் பாஸ்வேர்டைத்தான் ஊகிப்பார்கள். நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கக்கூடிய பாஸ்வேர்டுகள் மொத்தமே பத்து லட்சம் என்றால், அந்த 39 இலக்கப் பூட்டு பத்து லட்சம் வாய்ப்புள்ள பூட்டாகச் சுருங்கிவிடுகிறது.

படி 2: நொடிக்கு எத்தனை முயற்சி என்று குறித்துக்கொள்ளுங்கள்

இது பூட்டுக்குப் பூட்டு மாறும். ஆர்டிஎக்ஸ் 4090 என்ற ஒற்றைக் கிராஃபிக்ஸ் கார்டில் பாஸ்வேர்டு ஊகிக்கும் ஹாஷ்கேட் மென்பொருளை ஓட்டினால், எம்டி5 என்ற பழைய ஹாஷில் (ஹாஷ் என்பது பாஸ்வேர்டைக் கலக்கி, திரும்பப் பெற முடியாத எண்ணாக மாற்றும் முறை) நொடிக்குச் சுமார் 16,000 கோடி முயற்சி. டபிள்யூபிஏ2 வைஃபையில் சுமார் 25 லட்சம். இணையதளங்கள் பாஸ்வேர்டைச் சேமிக்கப் பயன்படுத்தும் பிகிரிப்ட் முறையில், அதன் உழைப்பு எண்ணை (எவ்வளவு கலக்க வேண்டும் என்ற அளவை) 12 என்று வைத்திருந்தால், வெறும் 1,400 போல.

இவ்வளவு வித்தியாசம் எப்படி? எம்டி5 ஒரு தடவை கலக்கிவிட்டு நின்றுவிடும். டபிள்யூபிஏ2-இல் பாஸ்வேர்டை 4,096 சுற்று கலக்கிய பிறகுதான் சாவி கிடைக்கும். எக்செல் 2013-க்குப் பிந்தைய கோப்புகளில் 1,00,000 சுற்று, 7-ஜிப்பின் சொந்த வகைக் கோப்பில் 5,24,288 சுற்று. சாதாரண ஜிப்பில் ஏஇஎஸ் தேர்ந்தெடுத்தால் 1,000 மட்டுமே. 2015-இல் பாஸ்வேர்டு ஹாஷ் போட்டியில் வென்ற ஆர்கான்2, சுற்றுகளோடு நினைவகத்தையும் அதிகம் கேட்பதால் கிராஃபிக்ஸ் கார்டுகள் அதில் தடுமாறும். உங்களுக்கு ஒரு விநாடி தாமதம் ஒரு பொருட்டில்லை, கோடிக்கணக்கில் முயல்பவனுக்கு அதுதான் பாரம்.

இனி வரும் கணக்குகளில் வைஃபை வேகமான 25 லட்சத்தையே வைத்துக்கொள்கிறேன். சொல்லும் நேரமெல்லாம் முழுப் பட்டியலையும் முடிக்க ஆகும் நேரம். சராசரியாக அதில் பாதியிலேயே கிடைத்துவிடும். பத்து கார்டு வைத்திருப்பவனுக்குப் பத்தில் ஒரு பங்கு.

படி 3: முதலில் விதியே இல்லாத கணக்கு

கீபோர்டில் சின்ன எழுத்து 26, பெரிய எழுத்து 26, எண் 10, சிறப்புக் குறி 32, மொத்தம் 94. நீளம் 8 என்றால் 94-ஐ எட்டு தடவை பெருக்க வேண்டும்.

எண்கள் மட்டும்: 10⁸ = 10 கோடி. 40 விநாடி.
சின்ன எழுத்து மட்டும்: 26⁸ = 20,882 கோடி. 23 மணி நேரம்.
94-உம் கலந்து: 94⁸ = சுமார் 61 கோடி கோடி. 77 ஆண்டு.
சின்ன எழுத்து மட்டும், ஆனால் 12 நீளம்: 26¹² = சுமார் 954 கோடி கோடி. 1,200 ஆண்டு.

கடைசி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குறியும் எண்ணும் கலந்த எட்டெழுத்தைவிட, வெறும் சின்ன எழுத்தில் பன்னிரண்டு எழுத்து 15 மடங்கு பெரியது. இதே 61 கோடி கோடி, எம்டி5 வேகத்தில் பதினோரு மணி நேரம்கூட நிற்காது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டுமானால், டெஸ் என்ற பழைய குறியாக்கத்தில் 720 கோடி கோடி சாவிகள் இருந்தன. 1998-இல் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் அதற்கென்றே கட்டிய இயந்திரம் 56 மணி நேரத்தில் சரியான சாவியைக் கண்டுபிடித்தது.

படி 4: விதி எவ்வளவைக் கழிக்கிறது என்று பாருங்கள்

ஒவ்வொரு விதியும் சில பாஸ்வேர்டுகளுக்குத் தடை போடுகிறது. தடை போட்டவற்றைத் திருடன் முயல வேண்டியதில்லை. ஆக, காகிதத்தில் எல்லா விதியும் அவன் வேலையைக் குறைக்கத்தான் செய்கிறது. எவ்வளவு குறைக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

சின்ன எண்ணில் பழகுவோம். சூட்கேஸில் இருக்கும் நாலு இலக்க நம்பர் பூட்டுக்கு, ‘7 கண்டிப்பாக வர வேண்டும்’ என்று ஒரு விதி. 7 வராத எண்கள் 9⁴ = 6,561. 10,000-இலிருந்து கழித்தால் மீதி 3,439. ஒரே ஒரு வரி விதி மூன்றில் இரண்டு பங்கை ஒழித்துவிட்டது. ‘எந்த எண்ணும் திரும்ப வரக்கூடாது’ என்றால் 10 × 9 × 8 × 7 = 5,040, பாதி போச்சு.

இதே வித்தையை எட்டெழுத்து பாஸ்வேர்டுக்குக் காட்டலாம்.

‘குறைந்தது 8 எழுத்து’ என்ற விதி. 1 முதல் 7 எழுத்து வரையிலான எல்லா பாஸ்வேர்டுகளையும் கூட்டினாலும் 94⁸-இல் 1 சதவீதம் அளவுக்குத்தான் வரும். திருடனுக்குக் கிடைக்கும் லாபம் ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். ஆனால் நாலெழுத்து, அஞ்செழுத்து என்று வைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் மேலே ஏறிவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்து முழு மனதோடு ஆதரிக்கக்கூடிய விதி இது ஒன்றுதான்.

‘ஒரே எழுத்து இரண்டு தடவை வரக்கூடாது’ என்ற விதி. 94 × 93 × 92 என்று 87 வரை பெருக்கி 94⁸-ஆல் வகுத்தால் 74 சதவீதம் மிஞ்சும். கால் பங்கு இழப்பு.

‘நாலு வகையிலும் ஒன்றாவது வேண்டும்’ என்ற எல்லாருக்கும் பழகிய விதிக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். எண் இல்லாதவை 84⁸. சின்ன எழுத்து இல்லாதவை 68⁸, பெரிய எழுத்து இல்லாதவையும் 68⁸. சிறப்புக் குறி இல்லாதவை 62⁸. இந்த நாலையும் 94⁸-இலிருந்து கழியுங்கள். இரண்டு வகை இல்லாதவை இரண்டு தடவை கழிந்துபோயிருக்கும், அவற்றைத் திரும்பக் கூட்டுங்கள்: 58⁸ இரண்டு தடவை, 52⁸, 42⁸, 36⁸ இரண்டு தடவை. அப்புறம் ஒரே வகையில் அமைந்தவற்றைக் கழியுங்கள்: 32⁸, 26⁸ இரண்டு தடவை, 10⁸. விடை சுமார் 28 கோடி கோடி. அதாவது 61-இல் 46 சதவீதம்தான் மிச்சம். பாதிக்கு மேல் காலி.

கேட்கப் பயமாக இருந்தாலும் இது பெரிய விஷயமில்லை. 77 ஆண்டு வேலை 36 ஆண்டாகிறது. ஒரு எழுத்து கூடுதலாகப் போட்டால் 94 மடங்கு ஏறி, இந்த நஷ்டத்தைப் போல நாற்பது மடங்குக்கு மேல் திரும்பக் கிடைத்துவிடும். ‘விதிகள் வாய்ப்புகளைக் குறைக்கின்றன, அதனால் ஆபத்து’ என்று பேசுகிறவர்கள் இந்த இடத்தோடு நின்றுவிடுகிறார்கள். உண்மையான இழப்பு அடுத்த படியில் இருக்கிறது.

படி 5: விதிக்கு மனிதர்கள் எப்படி அடங்குகிறார்கள் என்று எண்ணுங்கள்

மேலே போட்ட கணக்கெல்லாம் கம்ப்யூட்டர் குருட்டாம்போக்கில் பாஸ்வேர்டு தேர்ந்தெடுத்தால்தான் செல்லும். மனிதரிடம் ‘பெரிய எழுத்து வேண்டும்’ என்றால் முதல் எழுத்தைப் பெரிதாக்குவார். ‘எண் வேண்டும்’ என்றால் கடைசியில் ஒட்டுவார். ‘குறி வேண்டும்’ என்றால் @ அல்லது ! போடுவார், அதுவும் வார்த்தைக்கும் எண்ணுக்கும் நடுவில், இல்லாவிட்டால் முடிவில். திருடனுக்கு இது தெரியும். 2009-இல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3.2 கோடி பாஸ்வேர்டுகள் அப்படியே எழுத்து வடிவில் கசிந்ததிலிருந்து, மனிதர்கள் எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதை ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. அந்தப் பட்டியலில் முதலிடம் 123456-க்கு.

இப்போது எண்ணுவோம். முதலில் ஒரு பெரிய எழுத்து, பின்னால் ஐந்து சின்ன எழுத்து, ஒரு எண், ஒரு குறி. மொத்தம் எட்டு, நாலு வகையும் உண்டு. வாய்ப்புகள் 26⁶ × 10 × 32 = 9,885 கோடி. விதியே இல்லாமல் எட்டும் சின்ன எழுத்தாக, குலுக்கிப் போட்ட மாதிரி வைத்திருந்தால் 20,882 கோடி. அதாவது ‘ஸ்ட்ராங்’ என்று பச்சைக் கோடு வாங்கிய வடிவம், விதி தடை செய்த வடிவத்தில் பாதிகூட இல்லை! வைஃபை வேகத்தில் 11 மணி நேரம். சரி, இதுவும் அந்த ஆறு எழுத்துகளும் அர்த்தமில்லாமல் இருந்தால்தான்.

அவை ஊர்ப்பெயராக இருந்தால்? நமது வரவேற்பறை அட்டைக்கு வருவோம். நீலகிரியில் பெயர் சொல்லத்தக்க இடங்கள் 100 என்று தாராளமாக வைத்துக்கொள்கிறேன்: தொட்டபெட்டா, மசினகுடி, பைக்காரா, கேத்தி, லவ்டேல், வெலிங்டன், அவலாஞ்சி, குந்தா என்று போகும். வழக்கமான குறிகள் 10. 643-இல் தொடங்கும் ஆறிலக்க எண்கள் 1,000. பெருக்கினால் 10 லட்சம். அரை விநாடியில் முடிந்துவிடும். எழுத்து 11, வகை நாலு, ஆனால் காகிதத்தில் காட்டிய 94¹¹ எங்கே, இந்தப் பத்து லட்சம் எங்கே!

பின்கோடு வேண்டாம் என்று 2637, 1908, 43 போட்டாலும் இதே கதிதான். தொட்டபெட்டாவின் உயரம் மீட்டரில், மலை ரயில் ஊட்டிக்கு வந்த ஆண்டு, வண்டி எண் பலகையில் வரும் எண். சுற்றுலாக் கையேடு படித்த யாரும் முதலில் போட்டுப் பார்க்கும் எண்கள் இவை. குலதெய்வத்தின் பெயரும் ஹட்டியின் (படுகர் கிராமத்தின்) பெயரும் உள்ளூர்க்காரனுக்கு இன்னும் சுலபம். கொடைக்கானல்காரர்கள் சிரிக்க வேண்டாம். அங்கே 624101.

வைஃபையின் பெயரிலேயே காட்டேஜ் பெயரையும் ஊரையும் போட்டு ஒலிபரப்பினால், எந்தப் பட்டியலை முதலில் எடுக்க வேண்டும் என்று நாமே சொல்லிக்கொடுத்தது போல ஆகிவிடும்.

மாதாமாதம் மாற்றச் சொல்லும் விதியும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்ததுதான். மாற்று என்றால் கடைசி 1-ஐ 2 ஆக்குவார்கள். வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 2010-இல் வெளியான ஆய்வு ஒன்றில், பழைய பாஸ்வேர்டு தெரிந்திருந்தால் ஏறக்குறைய 41 சதவீதப் புதியவற்றைச் சில விநாடிகளிலேயே ஊகிக்க முடிந்தது.

படி 6: அமைப்பே வடிவத்தைச் சொல்லிவிடும் பாஸ்வேர்டுகள்

இதைச் சட்டென்று முடித்துவிடலாம். பிறந்த தேதியை எட்டு இலக்கமாகப் போடச் சொல்லும் பிடிஎஃப்கள் நிறைய வருகின்றன. எட்டு இலக்கம் என்றால் 10 கோடி என்று தோன்றும். ஆனால் நூறு ஆண்டுகளில் இருப்பது 36,525 நாட்கள்தான். மிக மெதுவான 1,400 வேகத்திலும் 26 விநாடி.

விருந்தினர்கள் அனுப்பும் இ-ஆதார் பிடிஎஃப்பின் பாஸ்வேர்டு பெயரின் முதல் நாலு எழுத்து பெரிய எழுத்தில், பின்னால் பிறந்த ஆண்டு. இது ரகசியமில்லை, எல்லாருக்கும் சொல்லப்பட்ட வடிவம். 26⁴-ஐ நூறு ஆண்டுகளால் பெருக்கினால் 4.57 கோடி. பெயர் தெரிந்துவிட்டால் வெறும் 100. புக்கிங் நோட்டில் பெயர் இருக்கிறதே! ஆகவே அந்தப் பிடிஎஃப்பில் பாஸ்வேர்டு இருக்கிறது என்ற நம்பிக்கையில் அதை வாட்ஸ்அப் குழுவில் போட்டு வைக்காதீர்கள். தனியாக வேறு பாஸ்வேர்டு போட்டுப் பூட்டுங்கள்.

மொபைல் எண்ணை வைஃபை பாஸ்வேர்டாக வைப்பவர்களும் உண்டு. 6, 7, 8, 9-இல் தொடங்கும் பத்து இலக்கம் என்றால் 400 கோடி. 27 நிமிடம். அந்த எண் வெளியே பெயர்ப் பலகையில் இருந்தால் ஒரே முயற்சி.

படி 7: கண்ணுக்குத் தெரியாத விதிகளைத் தேடுங்கள்

சில கட்டுப்பாடுகளை நமக்கு யாரும் சொல்வதில்லை. உள்ளே ஒளிந்திருக்கும். மற்றதைவிட இவை மோசமானவை.

பழைய விண்டோஸில் எல்எம் ஹாஷ் என்று ஒன்று இருந்தது. 14 எழுத்து வரை போடலாம் என்று சொல்லும். உள்ளே போனதும் எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கி, 7 + 7 என்று இரண்டாக வெட்டித் தனித்தனியாகச் சேமிக்கும். 14 எழுத்துக்கு முயல வேண்டியவன் 7 எழுத்துக்கு இரண்டு தடவை முயன்றால் போதும். சின்ன எழுத்து போய்விட்டதால், இடைவெளியையும் சேர்த்து 69 எழுத்துகள். 69⁷ என்பது சுமார் 7.4 லட்சம் கோடி. இன்றைய ஒரு கார்டுக்குச் சில நிமிட வேலை.

அதே தப்பு வைஃபை ரவுட்டரிலும் நடந்தது. பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் எட்டு இலக்க டபிள்யூபிஎஸ் (பாஸ்வேர்டு போடாமலே சுலபமாக இணைக்கும் வசதி) பின்னைப் பார்த்தால் 10 கோடி வாய்ப்பு என்று தோன்றும். கடைசி இலக்கம் சரிபார்ப்பு எண் என்பதால் அது முதல் ஏழிலிருந்தே கிடைத்துவிடும். போகட்டும், 1 கோடி. ஆனால் முதல் நாலு இலக்கம் சரியா தப்பா என்பதை ரவுட்டர் தனியாகச் சொல்லிவிடுகிறது. ஆகவே 10,000 + 1,000 = 11,000 முயற்சிதான். ஸ்டெஃபான் ஃபீபாக் என்பவர் 2011 டிசம்பரில் இதை வெளியிட்டார். நீங்கள் எவ்வளவு அழகான பாஸ்வேர்டு வைத்தாலும், தடுப்பு இல்லாத பழைய ரவுட்டரில் டபிள்யூபிஎஸ் திறந்திருந்தால் இந்தப் பக்கவாசல் வழியாகச் சில மணி நேரத்தில் உள்ளே வந்துவிடலாம். காட்டேஜ்களில் நான் முதலில் அணைப்பது இதைத்தான்.

மேல் வரம்பையும் பாருங்கள். ‘8 முதல் 12 எழுத்து, சிறப்புக் குறி கூடாது’ என்று சொல்லும் இணையதளங்கள் இன்றும் உண்டு. குறைந்த வரம்பு திருடனுக்கு எதுவும் தருவதில்லை என்று பார்த்தோம். மேல் வரம்பு அவனுக்கு வேலை எங்கே முடியும் என்று சொல்லிவிடுகிறது. ஆறு வார்த்தை வாக்கியம் போட நினைப்பவரையும் தடுத்துவிடுகிறது.

“தமிழிலேயே பாஸ்வேர்டு வைத்தால்?” நல்ல யோசனை போலத்தான் தெரியும். டபிள்யூபிஏ2 வைஃபையின் 8 முதல் 63 எழுத்து வாக்கியத்தில் ஆங்கிலக் கீபோர்டு எழுத்துகளுக்கு மட்டுமே இடம், ஆகவே அங்கே தமிழை நம்ப முடியாது. கோப்புகளிலும் இணையதளங்களிலும் பெரும்பாலும் முடியும், ஆனால் இரண்டு குழிகள் இருக்கின்றன. ஒன்று, பிகிரிப்ட் 72 பைட்டுக்கு மேல் பார்க்காது. எழுத்துகளைக் கம்ப்யூட்டரில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். ‘நீலகிரி’ பார்வைக்கு நாலு எழுத்து, உள்ளே 7 குறியீடு, 21 பைட். 24 குறியீடு தாண்டினால் மிச்சத்தைப் பிகிரிப்ட் கண்டுகொள்ளாது. இன்னொன்று, ‘கொடைக்கானல்’, ‘கோத்தகிரி’ இரண்டிலும் இருக்கும் ஒகர, ஓகாரக் குறிகளை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும், பைட்டுகள் வேறு. போனில் போட்ட பாஸ்வேர்டு லேப்டாப்பில் திறக்காமல் போக இது ஒன்றே போதும்.

படி 8: உங்கள் இடத்துக்கு நீங்களே விதி வைப்பதானால்

பெரிய எழுத்து, எண், குறி என்ற பழக்கத்துக்கு முக்கிய ஊற்று, அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான என்ஐஎஸ்டிக்காக 2003-இல் பில் பர் எழுதிய வழிகாட்டி. 2017-இல் அவரே அதற்காக வருந்துவதாகப் பேட்டி கொடுத்தார். அதே ஆண்டு வந்த புதிய வழிகாட்டி வகைக் கலவை விதி வேண்டாம், காரணமில்லாமல் மாற்றச் சொல்ல வேண்டாம், 64 எழுத்து வரையாவது அனுமதியுங்கள், கசிந்த பாஸ்வேர்டுகளின் பட்டியலோடு ஒப்பிட்டு அதில் இருப்பதைத் தடுங்கள் என்றது. கடைசியாகச் சொன்னதும் கட்டுப்பாடுதான், ஆனால் திருடன் முதலில் முயல்வதை மட்டும் வெட்டுகிற கட்டுப்பாடு.

காட்டேஜ் வைஃபைக்கு நான் செய்வது: பாஸ்வேர்டு மேனேஜரில் 12 எழுத்தைக் குலுக்கி எடுப்பேன், குழப்பும் எழுத்துகளை நீக்கிவிட்டு. சுழியமும் ஓவும், ஒன்றும் எல்லும் ஐயும் அட்டையில் ஒன்றுபோலத் தெரிந்து, ராத்திரி பத்து மணிக்கு விருந்தினர் கூப்பிடுவார். 62-இல் 5 எழுத்து நீக்கினால் 57. எட்டு எழுத்துக்கு இது வாய்ப்புகளைப் பாதியாக்கும், ஆனால் 12 எழுத்தில் 57¹² என்பது ஒரு கார்டுக்கு ஒன்றரைக் கோடி ஆண்டு வேலை. அந்தக் கட்டுப்பாட்டுக்குக் கொடுத்த விலை யாருக்கும் வலிக்காது. ரவுட்டர் குறி கேட்டு அடம்பிடித்தால் கடைசியில் ஒன்று ஒட்டிவிடுங்கள். கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள். ரவுட்டரில் டபிள்யூபிஏ3 இருந்தால் அதற்கு மாறுங்கள். 2018-இல் அறிவிக்கப்பட்ட அந்த முறையில், பதிவு செய்துகொண்டு வீட்டில் உட்கார்ந்து ஊகிக்கும் வழி அடைக்கப்பட்டிருக்கிறது.

மனப்பாடம் செய்ய வேண்டிய இடத்துக்கு, உதாரணமாகக் கணக்குக் கோப்புக்கு, ஆறு முகப் பகடை முறை நல்லது. ஆர்னால்ட் ரெயின்ஹோல்ட் 1995-இல் வெளியிட்ட டைஸ்வேர் முறையில் ஐந்து பகடை உருட்டி 7,776 வார்த்தைகளில் ஒன்றை எடுக்க வேண்டும். அப்படி ஐந்து வார்த்தை எடுத்தால் வைஃபை வேகத்தில் சுமார் 3.6 லட்சம் ஆண்டு. ஆங்கிலப் பட்டியல் ஒட்டவில்லை என்றால் தமிழ் வார்த்தைகளை ஆங்கில எழுத்தில் எழுதி நீங்களே பட்டியல் செய்யலாம். 1,296 வார்த்தை, நாலு பகடை, ஆறு வார்த்தை என்றால் 60,000 ஆண்டு. ஆனால் பட்டியல் சிறுத்துவிடக் கூடாது. ‘நம்ம மலை ஊர்கள்’ என்று 100 பெயர் எழுதி அதிலிருந்து ஐந்து எடுத்தால், பார்க்க நீளமாக இருக்கும். வாய்ப்பு 1,000 கோடிதான், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். பகடை உருட்டாமல் பிடித்த வார்த்தைகளைப் பொறுக்கினால் அதுவும் இல்லை. உருட்டியதில் வந்தது பிடிக்கவில்லை என்று மறுபடி மறுபடி உருட்டுவதும் பொறுக்குவதுதான்.

கோப்பைப் பூட்டும்போது 7-ஜிப்பின் சொந்த வகையைத் தேர்ந்தெடுங்கள், ஜிப்பைவிடச் சுற்றுகள் அதிகம். எக்செல்லில் ‘ஷீட்டைப் பாதுகாக்க’ என்ற வசதி என்கிரிப்ஷனே இல்லை. முழுக் கோப்புக்கும் பாஸ்வேர்டு கேட்கும் வசதியைத்தான் எடுக்க வேண்டும்.

பாஸ்வேர்டு மாற்றிய பிறகு பழைய நகல்களையும் பாருங்கள். வைஃபைக்குப் புது பாஸ்வேர்டு போட்ட அன்றே பழைய ஹேண்ட்ஷேக் பதிவை வைத்து உள்ளே நுழைய முடியாமல் போய்விடும். கோப்பு அப்படியில்லை. போன மாதம் லீஃப் ஏஜென்டுக்கு மெயிலில் அனுப்பிய இலைக் கணக்கு, ஊர்ப்பெயரும் பின்கோடுமாகப் பழைய பாஸ்வேர்டிலேயே அந்த மெயிலில் இருக்கும். நீங்கள் இங்கே எதை மாற்றினாலும் அந்த நகலுக்கு அது தெரியாது. இரண்டு பக்கமும் அதை அழித்துவிட்டு, புதிதாகப் பூட்டியதை அனுப்புங்கள். பாஸ்வேர்டை அதே மெயிலில் எழுதாமல் போனில் சொல்லுங்கள்.